நூற்றாண்டுகளைத் தாண்டும் நாவல்: நான்கில் எதை முதலில் எடுப்பது?

ஆசையாக ஒரு பெரிய நாவலை வாங்கி, தொண்ணூறாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி, அலமாரியில் வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். பல நூற்றாண்டுகள் ஓடும், மாயமும் கவிதையும் கலந்த நாவல்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. குறை வாசகரிடம் இருப்பதில்லை. புகழைப் பார்த்துப் புத்தகத்தை எடுக்கிறோம், நம் வாசிப்புப் பழக்கத்தோடு பொருத்திப் பார்ப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே நான்கு நாவல்களை எடுத்துக்கொள்வோம்: ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’, காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’, குர்அதுலைன் ஹைதரின் ‘அக்னி நதி’, வர்ஜீனியா வுல்ஃபின் ‘ஓர்லாண்டோ’. நான்குமே பெரிய ஆக்கங்கள், தரவரிசை போட இடமில்லை. இப்போது உங்கள் கைக்கு எது சரி என்பது மட்டுமே கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் முக்கியமானது அதுதான்: இந்த நாவலில் அசையாமல் நிற்பது எது? காலம் நூற்றாண்டுக் கணக்கில் ஓடும்போது வாசகருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தூண் வேண்டும். சில நாவல்களில் அது ஓர் ஊர், சிலவற்றில் ஒரு வீடு, ஒரு நதி, ஒற்றை மனித உயிர். அந்தத் தூணைக் கண்டுகொண்டால் மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்து அமரும். காணாவிட்டால் ஒவ்வொரு தாவலிலும் புதிதாக ஒரு நாவலைத் தொடங்குவது போலிருக்கும், நான்காவது தாவலில் சலிப்பு வந்துவிடும்.

இரண்டாவது, காலத்தின் வரிசை. முன்னிருந்து பின்னுக்கு நேராகப் போகிறதா, மாற்றி அடுக்கியிருக்கிறதா? மூன்றாவது, பெயர்களின் சுமை. நான்காவது, கவிதை எந்த மொழியில் இருக்கிறது என்பது. மொழி அழகுக்காகவே படிக்கும் நாவலில், மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓசையில் ஒரு பங்கு மூலத்திலேயே நின்றுவிடும். நேரமும் விலையும் கடைசியில்தான் வரும், ஆனால் அவற்றை மறந்துவிடவும் கூடாது.

| | அசையாமல் நிற்பது | காலம் | தாவும் விதம் | பெயர்ச் சுமை |
|---|---|---|---|---|
| விஷ்ணுபுரம் (1997) | கோயில் நகரம் | பல நூற்றாண்டுகள் | நடு, முன், பின் | மிக அதிகம் |
| தனிமையின் நூறு ஆண்டுகள் (1967) | வீடு | ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, 7 தலைமுறை | சுழன்று முன்னே | அதிகம், ஒரே பெயர்கள் |
| அக்னி நதி (1959) | நதியும் சில பெயர்களும் | கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் 1950கள் வரை | நேர்க்கோடு, பெரிய தாவல்கள் | நடுத்தரம் |
| ஓர்லாண்டோ (1928) | ஓர் ஆள் | முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் | நேர்க்கோடு | குறைவு |

## விஷ்ணுபுரம்

நான்கில் கவிதை முழுமையாக நம் கைக்கு வருவது இதில் மட்டும்தான், தமிழிலேயே எழுதப்பட்டது என்பதால். சோனா நதிக்கரையில் ஒரு கற்பனைக் கோயில் நகரம். கருவறையில் படுத்திருக்கும் மாபெரும் விஷ்ணு, யுகத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பார் என்று அந்த ஊர் நம்புகிறது. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதிகள். தலைப்புகளே அடியிலிருந்து மார்பு, மார்பிலிருந்து முடி என்று அந்தச் சிலையின் மேல் ஏறிப் போகின்றன.

இங்கே பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்றுதான். முதல் பகுதியில் வருவது நடுக்காலம். இரண்டாம் பகுதி அதற்கு நூற்றாண்டுகள் முந்தையது. மூன்றாம் பகுதி நகரம் தேய்ந்து பிரளயத்தை நோக்கிப் போகும் பிற்காலம். இது தெரியாமல் படிப்பவர், இரண்டாம் பகுதியில் வருபவர்களை முதல் பகுதி மனிதர்களின் வழித்தோன்றல்கள் என்று எண்ணிக்கொண்டு நூறு பக்கம் போய்விடுவார். பிறகு எதுவும் ஒட்டாது. புத்தகத்தின் முதல் வெற்றுத் தாளில் பென்சிலால் ‘2, 1, 3’ என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கால வரிசை அதுதான்.

அப்படியானால் இரண்டாம் பகுதியிலிருந்தே தொடங்கலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். முதல் பகுதியில் ஊரே கைகூப்பிச் சொல்லும் ஐதீகமாக வருபவை, இரண்டாம் பகுதியில் சதையும் சந்தேகமும் உள்ள மனிதர்களாக எதிரே வந்து நிற்கின்றன. ஞானசபையில் பௌத்தனான அஜிதனும் வைதிக அறிஞர் பவதத்தரும் வாதிடும்போது, இந்த மனிதர்களைப் பிற்காலம் என்னவாக மாற்றிவைக்கும் என்பது வாசகருக்கு முன்பே தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த வலி வரிசை மாற்றிப் படித்தால் கிடைக்காது. கோயில் மூலவரும் அப்படித்தான். ஊருக்கு அவர் விஷ்ணு, காட்டு மக்களுக்கோ படுத்திருக்கும் பெருமூப்பன். ஒரே கல்லை யார் எந்தக் காலத்தில் என்ன பெயர் சொல்லி வணங்கினார்கள் என்று பார்த்துக்கொண்டே போவதுதான் இந்த நாவலை அனுபவிக்கும் வழி.

மறைமுகச் செலவுகள் உண்டு. எண்ணூறு பக்கம் அளவுள்ள நூல். மணிக்கு 25 பக்கம் படிப்பவருக்கு 32 மணி நேரம், தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் ஆறு வாரம். படுத்துக்கொண்டு படித்தால் மணிக்கட்டு வலிக்கும் கனம். முதல் பகுதியில் கவிஞன் சங்கர்ஷணன், மாணவன் பிங்கலன் என்று ஆட்கள் திருவிழாக் கூட்டம் போலவே வந்துகொண்டிருப்பார்கள். முதல் நூறு பக்கத்தில் எல்லோரையும் நினைவில் நிறுத்தப் பார்த்தால் மூச்சு முட்டும். மூன்று பேரை மட்டும் தேர்ந்துகொண்டு அவர்களைப் பின்தொடருங்கள், மற்றவர்கள் தாமாகவே திரும்ப வருவார்கள்.

இரண்டாம் பகுதியின் தத்துவ விவாதங்கள் அடுத்த தடை. சாங்கியம், வைசேஷிகம், பௌத்த தர்க்கம் என்று வரும் சொற்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் தேடப் போனால் வாசிப்பு அறுந்துவிடும். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ‘இவர் எதை நிலைநிறுத்துகிறார்’, வலப்பக்கம் ‘எதை விட்டுக்கொடுத்தார்’ என்று எழுதிக்கொண்டு போனால் போதும். வாதத்தில் தோல்வி பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் தொடங்கும். அந்தப் பக்கங்களை மெல்ல வாய்விட்டுப் படித்தாலும் நன்றாக இருக்கும், மேடை நாடகத்தின் தாளம் அவற்றுக்கு உண்டு.

நீண்ட விடுமுறையோ, கூடப் படிக்க இரண்டு மூன்று நண்பர்களோ இருந்தால் இதையே முதலில் எடுங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் பத்துப் பத்து நிமிடமாகப் படிப்பவர்களுக்கு இது ஏற்றதில்லை. ஒவ்வொரு முறையும் ஊருக்குள் திரும்ப நுழையவே பத்து நிமிடம் போய்விடும்.

## தனிமையின் நூறு ஆண்டுகள்

ஸ்பானிய மொழியில் 1967இல் புவனோஸ் அய்ரஸில் வெளியானது. தமிழில் காலச்சுவடு பதிப்பாக வந்திருக்கிறது, மொழிபெயர்ப்பாளர்கள் ஞாலன் சுப்பிரமணியன், சுகுமாரன். ஆங்கிலத்தில் கிரிகோரி ரபாஸாவின் 1970ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு.

மகோந்தா என்ற ஊரில் புயேந்தியா குடும்பத்தின் ஏழு தலைமுறை. ஊர் மாறுகிறது, போர் வருகிறது, ரயில் வருகிறது, வாழைக் கம்பெனி வருகிறது, போகிறது. வீடு மட்டும் நிற்கிறது. ஆகவே வீட்டின் அறைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நாடோடி மெல்கியாதெஸின் அறை, கர்னல் அவ்ரேலியானோ புயேந்தியா தங்க மீன் செய்யும் பட்டறை, பெகோனியாச் செடிகள் இருக்கும் தாழ்வாரம். யார் எந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

பெயர்கள்தான் எல்லோரையும் விரட்டுவது. ஆண்கள் பெரும்பாலும் ஹோசே அர்க்காதியோ அல்லது அவ்ரேலியானோ. இதற்கு ஒரு சாவி நாவலுக்குள்ளேயே கிடைக்கிறது: அவ்ரேலியானோக்கள் ஒதுங்கிச் சிந்திப்பவர்கள், ஹோசே அர்க்காதியோக்கள் உடல் வலுவும் வேகமும் கொண்டவர்கள். நான்காம் தலைமுறையின் இரட்டையரில் மட்டும் இது தலைகீழாக இருக்கும். சிறுவயதில் பெயர் மாற்றி விளையாடி அப்படியே மாறிப்போய்விட்டார்களோ என்று குடும்பத்தின் மூதாட்டி உர்சுலா சந்தேகப்படுவதைக் கவனித்தால் குழப்பம் தீரும். கர்னலின் 17 அவ்ரேலியானோ மகன்களைத் தனித்தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அவர்களை ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளலாம்.

சில பதிப்புகளின் முன்பக்கத்தில் வம்சவரைபடம் இருக்கும். அதை முதலிலேயே பார்ப்பது நஷ்டம். யாருக்கு யார், யாருக்குக் குழந்தை என்பதெல்லாம் அங்கேயே அவிழ்ந்துவிடும். அரைத் தாளில் நீங்களே வரைந்துகொண்டு போங்கள், அதையே பக்க அடையாளமாகவும் வைக்கலாம். மின்நூலில் தேடிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ‘அவ்ரேலியானோ’ என்று தேடினால் நூற்றுக்கணக்கான இடங்கள் வந்து விழும், எந்த அவ்ரேலியானோ என்பதை அது சொல்லாது. மகோந்தாவில் தூக்கமின்மை நோய் பரவி எல்லோருக்கும் நினைவு மங்கும்போது, பொருள்கள் மீது பெயரெழுதி ஒட்டுவார்கள். பசுவின் கழுத்தில் தொங்கும் அட்டையில் இது பசு என்றும், தினமும் காலையில் பால் கறக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். வாசகர் செய்யவேண்டியதும் ஏறக்குறைய அதேதான்.

மூலத்தில் 20 அத்தியாயங்கள், எதற்கும் எண் கிடையாது. பென்சிலால் 1 முதல் 20 வரை போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்தால் மூன்று வாரத்துக்குள் முடியும். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள். பத்திகள் நீளமானவை, ஒரே மூச்சில் ஓடுபவை, நடுவில் விட்டால் ஓட்டம் போய்விடும். ஓர் அத்தியாயத்துக்கு 40 முதல் 60 நிமிடம் பிடிக்கும்.

மறைமுகச் செலவு வரலாறு. இரண்டு செய்திகள் தெரிந்தால் போதும். கொலம்பியாவில் லிபரல்களுக்கும் கன்சர்வேட்டிவ்களுக்கும் 1899 முதல் 1902 வரை நடந்த ஆயிரம் நாள் போர் ஒன்று. 1928 டிசம்பரில் சியனாகா ஊரில் வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டது மற்றொன்று. இது தெரியாமல் படித்தால் ரயில் நிலையப் படுகொலையும் மாயமாகவே தோன்றும். உண்மையில், குடும்பத்துப் பேரழகி ரெமேதியோஸ் படுக்கை விரிப்புகளோடு வானத்துக்குப் போவதுதான் மாயம், கூட்டத்தைச் சுட்டது நடந்தது. நாவல் இரண்டையும் ஒரே குரலில் சொல்வதால் வாசகர் பிரித்தறிந்துகொள்வது நல்லது. அதற்குப் பின் வரும் மழை 4 வருடம், 11 மாதம், 2 நாள் பெய்கிறது. அந்தத் துல்லியமான கணக்குதான் இவரது கவிதை. மொழிபெயர்ப்பிலும் சேதமில்லாமல் வந்து சேர்வது அது.

இந்திய வாசகருக்கு ஓர் உபரி: மெல்கியாதெஸின் சுவடிகள் எழுதப்பட்டிருக்கும் மொழி சமஸ்கிருதம்.

பெரிய நாவல் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு நான்கில் இதையே முதலில் பரிந்துரைப்பேன். பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், சலிப்பு வர இடமிருக்காது. காமமும் ரத்த உறவுக்குள் ஈர்ப்பும் வெளிப்படையாக வருவதால், வீட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேர்த்துப் படித்துக்காட்ட நினைப்பவர்கள் வேறொன்றை எடுப்பது நல்லது.

## அக்னி நதி

உருதுவில் 1959இல் வந்த ‘ஆக் கா தரியா’. தமிழில் சௌரி மொழிபெயர்த்து நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. ஆசிரியரே 1998இல் ஆங்கிலத்தில் திரும்ப எழுதினார். அது வரிக்கு வரி மொழிபெயர்ப்பு இல்லை, நிறைய மாற்றியிருக்கிறார். எனவே தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, தமிழில் பிழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நான்கு காலங்கள்: மௌரியர் எழுச்சி, லோடி ஆட்சியின் முடிவு, கம்பெனி ஆட்சியும் நவாப்களின் லக்னோவும், பின் 1940களும் பிரிவினையும். கௌதம், சம்பா, கமால், ஹரிசங்கர் என்ற பெயர்கள் காலத்துக்குக் காலம் திரும்ப வருகின்றன. மறுபிறவி என்று நாவல் எங்கும் அடித்துச் சொல்வதில்லை. நவாப் காலத்தில் சம்பா ஒரு கணிகை, 1940களில் சம்பா அகமது என்ற கல்லூரி மாணவி. இருவரும் ஒருத்திதானா என்று விடை தேடாமல், அந்தப் பெயரில் வரும் பெண் ஒவ்வொரு காலத்திலும் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று பாருங்கள்.

தாவல்களில் முதலாவதே மிக அழகானது. ஸ்ராவஸ்தி குருகுல மாணவனாக நாம் சந்தித்த கௌதம் நீலாம்பர் சரயு நதியில் குதிக்கிறான். அலை அவன் மேல் புரள்கிறது. அடுத்துக் கரையேறுபவன் அபுல் மன்சூர் கமாலுதீன், நடுவில் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் போய்விட்டன. அத்தியாயத் தலைப்போ ஆண்டு எண்ணோ எதிர்பார்த்து வேகமாகப் புரட்டுபவர் இந்த இடத்தைத் தவறவிட்டு, ஏதோ பக்கம் விடுபட்டதென்று நினைப்பார். நதி வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மாயம் குறைவு என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். பறப்பதும் உருமாறுவதும் வேண்டுவோருக்கு இது ஏமாற்றம் தரும். கடைசிக் காலத்தில் இளைஞர் கூட்டம் அறை அறையாகப் பேசிக்கொண்டே இருப்பதும் சிலருக்கு நீளமாகத் தெரியும். ஆனால் பிரிவினை வந்து அந்தக் கூட்டம் சிதறும்போதுதான் அத்தனை பேச்சும் எதற்கென்று புரியும். வரலாறு பிடித்தவர்களுக்கும், குடும்பம் பிரிந்த வலி அறிந்தவர்களுக்கும் மற்ற மூன்றைவிட இது நெருக்கமாக இருக்கும். இதன் உண்மையான செலவு தேடல். கடையில் இல்லாதபோது நூலகத்தையும் பழைய புத்தகக் கடையையும்தான் நாட வேண்டும். சென்னையில் இருப்பவர்கள் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப்பார்க்கலாம்.

## ஓர்லாண்டோ

சிறியது, ஆறே அத்தியாயம். முதலாம் எலிசபெத் காலத்தில் பதினாறு வயதுப் பையனாக இருக்கும் ஓர்லாண்டோ, 1928 அக்டோபர் 11 அன்று முப்பத்தாறு வயதுப் பெண்ணாக நாவலை முடித்துவைக்கிறாள். அந்தத் தேதி புத்தகம் வெளியான தேதியும்கூட. பெயர்ப் பட்டியல் தேவையில்லை, காலமும் நேராகவே போகிறது.

வுல்ஃப் காலத்தைக் காட்டும் விதத்தைப் பாருங்கள். ராணியின் முன் மண்டியிடும் பையன் கூச்சத்தில் தலை நிமிரவில்லை. மோதிரங்கள் அணிந்த ஒரு கை பன்னீர்க் கிண்ணத்தில் இறங்குவது மட்டும் அவனுக்குத் தெரிகிறது. ஒரு யுகமே அந்தக் கைக்குள் அடங்கிவிடுகிறது. தேம்ஸ் நதி உறைந்த பனிக்காலத்தில், பனிக்கு அடியில் மடி நிறைய ஆப்பிளோடு படகில் அமர்ந்தபடியே உறைந்துபோன கிழவி தெரிகிறாள். இப்படிப்பட்ட காட்சிகளுக்காக நின்று படிக்க வேண்டிய நாவல் இது. கதை என்ன ஆயிற்று என்று ஓடினால் கையில் ஒன்றும் நிற்காது.

கான்ஸ்டான்டினோபிளில் ஏழு நாள் உறங்கி எழும்போது அவன் அவளாகியிருப்பதில் தமிழ் வாசகருக்கு ஒரு தனிச் சுவை உண்டு. நம் மொழியில் வந்தான், வந்தாள் என்று வினைமுற்றே பாலைச் சொல்லிவிடும், ஒளிக்க முடியாது. ஆங்கிலத்தில் ஒரு சிறு பிரதிப்பெயர் மாறினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே தொடரும். அந்த வழுக்கலை உணர ஆங்கிலத்திலேயே படிப்பது நல்லது.

ஆனால் ஆங்கிலம் சரளமாக வேண்டும். வாக்கியங்கள் அரைப்பக்கம் நீளும். போப், அடிசன், ஸ்விஃப்ட் போன்ற பழைய எழுத்தாளர்கள் பாத்திரங்களாக வருவார்கள், அவர்கள் யாரென்று தெரியாவிட்டால் நான்காம் அத்தியாயம் மங்கலாகவே இருக்கும். விலை விஷயத்தில் இதுவே லாபம்: வுல்ஃப் 1941இல் காலமானார், இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது, எனவே இலவச மின்நூலே கிடைக்கும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். வாழ்க்கை வரலாற்று நூல் போலவே செய்யப்பட்ட நாவல் என்பதால் முன்னுரை, புகைப்படங்கள், பெயரகராதி எல்லாம் விளையாட்டின் பகுதி. பல இலவசப் பிரதிகளில் படங்கள் இருக்காது. படங்களோடு உள்ள பதிப்பு கிடைத்தால் காசு கொடுத்து வாங்குவதில் தவறில்லை.

## கையில் இருக்கும் நேரத்தைப் பொறுத்து

தினமும் ரயிலில் அரைமணி நேரம், கையில் போன் மட்டும் என்றால் ஓர்லாண்டோ. இரவில் ஒரு மணி நேரம் தடையில்லாமல் கிடைத்தால் மார்க்கேஸ். ஒன்றரை மாதம் வேறு எதையும் தொடாமல் இருக்க முடிந்தால் விஷ்ணுபுரம். வரலாறு பிடித்தவர், மாயக்கதைகளில் மனம் ஒட்டாதவர் என்றால் அக்னி நதி.

இரண்டை ஒரே நேரத்தில் படிக்க வேண்டாம், முக்கியமாக அக்னி நதியையும் மார்க்கேஸையும். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன, ஆனால் முந்தையதில் அவை ரத்த உறவு இல்லாத எதிரொலி, பிந்தையதில் வம்சம். ஒன்றின் பழக்கம் மற்றதைக் கெடுக்கும்.

எதை எடுத்தாலும், முடித்த அன்றே புத்தகத்தை அலமாரியில் வைக்காமல் முதல் முப்பது பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். அதற்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். விஷ்ணுபுரத்தில் இதைச் செய்தால், முதல் வாசிப்பில் வெறும் சிலையாகவும் கோபுரமாகவும் கண்ணில் பட்டு நகர்ந்த ஒவ்வொன்றின் பின்னாலும் இப்போது ஓர் ஆள் நிற்பார்.